பூஜை அறையில் ஒரு ஃபயர்வால்

புனே நகரத்தின் ஔந்தில் ஒரு பழைய பங்களாவின் தரைத்தளத்தில் எங்கள் அலுவலகம் இருந்தது. வெளிநாட்டு மருத்துவ இதழ்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பது தொழில். கட்டுரைகள் இங்கிலாந்திலிருந்து இணையம் வழியாக வரும். கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்து எழுத்தையும் படத்தையும் அட்டவணையையும் பொருத்தி, அச்சுக்குப் போகிற பக்கங்களாக்குவார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு அவை திரும்பிப் போய்விட வேண்டும். அங்கே அப்போது முற்பகல். மதியச் சாப்பாட்டுக்குள் அவர்கள் பார்த்துத் திருத்தம் சொல்லிவிடுவார்கள்.

அனுப்புகிற பொறுப்பு ஒரு மராத்தி அம்மாளிடம் இருந்தது. ஐம்பதை நெருங்கியவர். நூல் புடவை, மூக்குக் கண்ணாடி, கழுத்தில் ஒரு சாவிக்கொத்து. முதலாளியிலிருந்து வாசல் காவல்காரர் வரை எல்லாருக்கும் அவர் தாயி. மராத்தியில் அக்கா என்று பொருள். நாலு மணி என்றால் நாலு மணிதான் அவருக்கு. மூன்றே முக்காலுக்கு ஒருவர் எழுந்து டீ குடிக்கப் போனால்கூட நாற்காலியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

நான் அந்த அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். வயது இருபத்தாறு. புத்தாயிரம் பிறந்த மறு வருடம் அது. எங்கள் குடும்பம் வடஆற்காட்டுப் பக்கம். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததால் நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஔந்துக்குப் பக்கத்திலிருக்கும் கட்கியில். எங்கள் வீட்டில் பழைய வழக்கப்படி கிர்க்கி என்றுதான் சொல்வோம். அங்கிருந்து ஔந்துக்கு தினமும் ஸ்கூட்டரில் வந்து போவேன்.

எனக்குக் கொடுத்திருந்த அறை, அந்தப் பங்களாவில் குடியிருந்தவர்களின் பூஜை அறை. ஜன்னல் இல்லாததால் தூசி வராது, சிறியதாக இருப்பதால் ஏசி போதும் என்று முதலாளி அதை சர்வர் அறையாக்கிவிட்டார். சுவரில் ஓம் பதித்த ஓடுகள் அப்படியே இருந்தன. கதவில் வரிசையாக வைத்திருந்த சின்ன வெண்கல மணிகளையும் யாரும் கழற்றவில்லை. நான் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அந்தச் சத்தத்தில் கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். சாமி இருந்த மேடையில் எங்கள் கேட்வே கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. தாயி எப்போதாவது அங்கே வந்தால் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வருவார். "சாமிய எடுத்துட்டாங்க, எடம் எங்க போச்சு?" என்பார்.

அந்தக் கேட்வேதான் அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் நடுவே நின்றது. உள்ளே வருகிற, வெளியே போகிற ஒவ்வொரு தகவல் பாக்கெட்டையும் பார்த்து, இதை விடலாம், இதைத் தடுக்கலாம் என்று தீர்மானிக்கிற ஃபயர்வால் வேலை. அந்த வேலையைச் செய்வது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடிமட்டத்தில் இருக்கும் கெர்னல். நான் சேர்ந்த புதிதில் ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர் டை கட்டிக்கொண்டு வந்து, இதற்கென்றே செய்த பெட்டி ஒன்றை வாங்கச் சொன்னார். முதலாளிக்கும் ஆசைதான். "வேண்டாம் சார், பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல இலவச சிஸ்டத்தைப் போட்டு நானே செஞ்சு தர்றேன்" என்று நான் சொன்னேன். இரண்டு வாரம் உட்கார்ந்து விதிகளை ஒவ்வொன்றாக எழுதினேன். பெயர் சொல்லி அனுமதித்ததைத் தவிர வேறு எதுவும் போகாது, வராது. அதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மதியம்கூட அந்த மேடைக்கு முன்னால் உட்கார்ந்துதான் டப்பாவைத் திறப்பேன். கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிற சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை. வந்ததும் வழக்கம்போல, உலகெங்கும் என்னைப் போன்றவர்கள் படிக்கிற பாதுகாப்பு மடலைத் திறந்தேன். முதல் கடிதமே நான் வைத்திருந்த கெர்னலைப் பற்றியது. அதன் பாக்கெட் வடிகட்டியில் ஓட்டை.

விஷயம் இதுதான். பெரிய ஃபைல்களை அனுப்ப அந்தக் காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய முறையில் இரண்டு இணைப்புகள் வேண்டும். முதல் இணைப்பில் பேச்சு மட்டும் நடக்கும். "ஃபைலை இந்த விலாசத்துக்கு, இந்தக் கதவுக்குக் கொண்டுவா" என்று ஒரு கம்ப்யூட்டர் அதில் சொல்லும். கெர்னலில் உள்ள மாட்யூல் என்கிற ஒரு தனித் துண்டு அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்து, சொன்ன கதவை மட்டும் கொஞ்ச நேரம் திறந்துவிடும். குடியிருப்பின் வாட்ச்மேனிடம் "நம்ம வீட்டுக்கு ஆள் வர்றாங்க, விட்ருங்க" என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. ஓட்டை எங்கே என்றால், சொல்லுகிறவர் தன் வீட்டு எண்ணைத்தான் சொல்கிறாரா என்று மாட்யூல் பார்க்கவில்லை. ஐந்தாம் எண் வீட்டுக்காரர் பன்னிரண்டாம் எண் வீட்டுக் கதவைத் திறக்கச் சொன்னாலும் திறந்துவிடும். விவரம் தெரிந்த ஒருவன் வெளியிலிருந்து எங்கள் ஃபைல் சர்வருக்கு வந்து சரியான ஒரு வரியைச் சொன்னால், உள்ளே எந்தக் கம்ப்யூட்டரையும் எட்டிவிடலாம்.

இரண்டு முறை படித்தேன். காது சூடாகிவிட்டது. நான் எழுதிய நூற்றுச் சொச்சம் விதிகளும் ஒழுங்காகத்தான் இருந்தன. அவற்றுக்குக் கீழே இருந்த தரைதான் சரியில்லை.

கடிதத்தின் கடைசியில் இரண்டு வழி சொல்லியிருந்தார்கள். திருத்தத்தைச் சேர்த்துக் கெர்னலைப் புதிதாகக் கட்டுவது ஒன்று. அதுவரைக்கும் அந்த மாட்யூலையே எடுத்துவிடுவது இன்னொன்று. எடுத்தால் ஓட்டை அடைபடும், ஆனால் ஃபைல் போகாது, வராது. நான் யாரையும் கேட்கவில்லை. மாட்யூலை எடுத்தேன்.

பத்து நிமிடத்தில் மணிகள் குலுங்கின. தாயி.

"காய் கேலம் து?" என்றார். என்ன செய்தாய் நீ? நாங்கள் பேசிக்கொண்டது பாதி இந்தி, பாதி மராத்தி. அவர் மராத்தியில் ஆரம்பித்தால் கோபம் என்று அர்த்தம். செருப்பைக் கழற்ற மறந்திருந்தார். அதனால் வாசற்படியைத் தாண்டாமலே நின்றார்.

"தாயி, கேட்வேல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சிருக்காங்க. அடைக்கற வரைக்கும் ஃபைல் அனுப்ப முடியாது."

"எத்தன நேரம்?"

"நாளைக்கு சாயங்காலம் ஆகலாம்."

"நாளைக்கா? இருதய இதழ் முழுசா இன்னிக்குப் போகணும். அஞ்சு வருஷத்துல ஒரு நாள் தவறினதில்ல தெரியுமா உனக்கு? வெள்ளம் வந்தப்பகூட அனுப்பினேன்." மூச்சு வாங்கிக்கொண்டு, "இந்த ஓட்டை நேத்து இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சு."

"முந்தாநாள்?"

"அன்னிக்கும் இருந்துச்சு."

"அப்ப இன்னிக்கு ஒரு நாள் இருந்தா என்ன?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நேற்று அது யாருக்கும் தெரியாது, இன்று உலகத்துக்கே தெரியும் என்பதுதான் பதில். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. "சார் கிட்ட போய் சொல்றேன்" என்று எழுந்தேன்.

முதலாளி தஞ்சாவூர்க்காரர். ஆபீசில் ஆங்கிலம் தவிர வேறு பேசமாட்டார். கதவைச் சாத்திவிட்டால் என்னிடம் மட்டும் தமிழ் வரும். நான் கதவைச் சாத்தினேன். அவரிடம் சொல்லாமல் சத்தமில்லாமல் திருத்திவிடலாமா என்று வராந்தாவில் நடந்துவருகிற அந்தப் பத்து அடியில் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விற்பனையாளரின் டை கண்ணுக்குள் நின்றது.

முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த சேல்ஸ்மேன் விக்க வந்தானே ஒரு பெட்டி, அதுல இந்த மாதிரி வராதா?"

"வரும் சார். அதுக்குள்ளயும் யாரோ எழுதின புரோகிராம்தான். ஆனா அவங்க எப்ப சொல்வாங்க, சொல்வாங்களான்னு தெரியாது. இதுல கண்டுபிடிச்ச அன்னிக்கே சொல்லிட்டாங்க, திருத்தமும் குடுத்துட்டாங்க."

"யாராவது உள்ள வந்துட்டானா?"

"இனிமேதான் பார்க்கணும்."

"பாரு. இங்கிலாந்துக்கு நான் எழுதிடறேன், லைன்ல கோளாறுன்னு."

அங்கேதான் எனக்கு எங்கிருந்தோ ஒரு பிடிவாதம் வந்தது. "சார், அவங்களும் நம்ம சர்வருக்குள்ள வந்துதான் ஃபைல் போடறாங்க. அவங்க பாஸ்வேர்டு நம்மகிட்ட இருக்கு. உண்மையைச் சொல்லிடலாம் சார். இன்ன ஓட்டை, இன்னிக்குக் காலையில மூடிட்டோம், எதுக்கும் பாஸ்வேர்டை மாத்திக்குங்கன்னு."

"ஏம்மா, நம்ம மானத்தை நாமே வாங்கிக்கணுமா?"

மேஜையிலிருந்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "நீயே எழுதிக் கொண்டா. அழுமூஞ்சித்தனமா எழுதாதே. நான் திருத்தி அனுப்பறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஒரு வார்த்தையை மட்டும் மாற்றினார். 'வருந்துகிறோம்' என்பதற்கு முன்னால் நான் போட்டிருந்த 'மிகவும்' என்பதை அடித்துவிட்டார்.

அன்றைக்கு இருதய இதழை டயல்-அப்பில் அனுப்புவது என்று முடிவாயிற்று. ஃபேக்ஸ் லைனில் ஒரு பழைய மோடத்தை இணைத்து, அலுவலக வலையில் சேராத ஒரு கம்ப்யூட்டரை அதனருகே வைத்தேன். பக்கங்களை சிடியில் எழுதி தாயி எடுத்துவந்தார். மோடம் கிறீச்சிட்டுக் கத்தி இணையும். எட்டு பக்கம், பத்து பக்கம் போகும். யாராவது ஃபேக்ஸ் அனுப்பக் கூப்பிட்டால் அறுந்துவிடும். மறுபடி டயல் செய்து, விட்ட பக்கத்திலிருந்து. தாயி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போன பக்கங்களைத் தாளில் டிக் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பூஜை அறைக்குள் போய், கடந்த இரண்டு வாரத்து லாக்கைப் படிக்க ஆரம்பித்தேன். எந்தக் கம்ப்யூட்டர் எப்போது எந்த விலாசத்தோடு ஃபைல் பரிமாறியது என்று வரிவரியாக இருக்கும். பெரும்பாலும் எனக்குத் தெரிந்த விலாசங்கள்தான். நாலாவது நாளின் பதிவில் ஒரு தெரியாத விலாசம். மதியம் ஒன்றேகாலுக்கு. அடுத்த நாளும் அதே நேரம். அதற்கடுத்த நாளும். முந்தைய நாட்களிலும் இருந்ததை நான்தான் கவனிக்காமல் தாண்டி வந்திருந்தேன். வேலை நாள் ஒவ்வொன்றிலும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றேகாலுக்கு எங்கள் கம்ப்யூட்டர் ஒன்று வெளியே எங்கேயோ போய்வந்திருக்கிறது. ஒரே நேரத்தில் தினமும் நடக்கிறது என்றால் யாரோ புரோகிராம் வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். எந்தக் கம்ப்யூட்டர் என்று பார்த்தேன். தாயியுடையது.

விலாசத்தைத் தேடினேன். ஆஸ்திரேலியாவில் ஏதோ பல்கலைக்கழகம்.

மோடத்தின் பக்கத்தில் போய் நின்றேன். ஐம்பத்திரண்டாம் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"தாயி, ஒண்ணு கேக்கணும். உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து தினமும் ஒண்ணேகாலுக்கு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு இணைப்பு போகுது. யாராவது உள்ள புகுந்திருக்காங்களோன்னு பயமா இருக்கு. நீங்க எதாவது..."

தாயியின் கையிலிருந்த பென்சில் நின்றது. அவர் முகம் சிவந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அது நான்தான்" என்றார், மெதுவாக.

அவருடைய மகள் ஆஸ்திரேலியாவில் இருந்தாள். மருமகன் அங்கே ஆராய்ச்சி மாணவர். டிசம்பரில் பெண் குழந்தை பிறந்திருந்தது. விசா சரியாக அமையாததால் தாயியால் பிரசவத்துக்குப் போக முடியவில்லை. மருமகன் தினமும் குழந்தையைப் படம் எடுத்து, பல்கலைக்கழகத்தில் தனக்குக் கொடுத்திருக்கும் இடத்தில் போட்டுவைப்பார். மின்னஞ்சலில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிய படங்கள். சாப்பிட்டுவிட்டுக் கைகழுவியதும் தாயி அதை இறக்கிப் பார்ப்பார். எங்கள் விதிகளில் ஃபைல் பரிமாற்றத்துக்கு எந்த விலாசத்துக்கும் வழி இருந்ததால் அது தங்குதடையில்லாமல் வந்துகொண்டிருந்திருக்கிறது.

"இன்னிக்குப் படம் வரல" என்றார். பிறகு, "தப்புதான். ஆபீஸ் லைன்ல செஞ்சிருக்கக் கூடாது. எழுதி வைக்கணும்னா எழுதி வை" என்றார்.

காலையில் அவர் வாசற்படியில் நின்று கத்தியதில் ஒரு பங்கு இதற்காகவும் இருந்திருக்குமோ என்று அப்போதுதான் தோன்றியது. "குழந்தை பேரு என்ன?" என்று கேட்டேன். சொன்னார். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. இருவரும் சேர்ந்து மறுபடி டயல் செய்தோம்.

ஆறு மணிக்குக் கடைசிப் பக்கம் போனது. முதலாளியிடம் போய், "யாரும் உள்ள வந்த மாதிரி தெரியல சார். ஒரே ஒரு தெரியாத விலாசம் இருந்துச்சு, விசாரிச்சுட்டேன். ஒருத்தரோட சொந்த விஷயம், ஆபத்து இல்ல" என்றேன்.

"ஆஸ்திரேலியாவா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?" என்றேன்.

"பேத்தி படம்தானே? நேத்துக்கூடக் காட்டினாளே. குப்புற விழுந்துடுத்தாம். ஆபீஸ்ல எல்லாரும் பார்த்தாச்சு. நீ பார்க்கலையா?"

நான் பார்த்ததில்லை. தினமும் ஒன்றேகாலுக்கு முப்பது பேரும் அந்தத் திரையைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம், விதிகளைச் சரிபார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தாள். "இன்னாமே, சோறு அப்டியே கீது? யார்னா திட்னாங்களா?"

"இல்லம்மா. நான் போட்ட பூட்டுல ஓட்டை கீதாம்."

"அதுக்கு சோறு துன்னாம கெடந்தியா? வேற பூட்டு போடு" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துவைத்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. புனேயில் பராமரிப்புக்கென்று மின்சாரத்தை நிறுத்துகிற நாள் அது. எங்கள் பகுதியில் எப்போது போகும், எப்போது வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கெர்னலின் மூல நிரல் முந்தின நாளே இறங்கியிருந்தது. காலை எட்டுக்கே வந்து திருத்தத்தைச் சேர்த்து, கம்பைல் செய்ய விட்டேன். அதாவது, நிரலை இயந்திரம் புரிந்துகொள்ளும் வடிவுக்கு மாற்றிக் கெர்னலாகக் கட்டுவது. இப்போது சில நிமிடங்களில் ஆகிவிடும். அந்தப் பழைய கம்ப்யூட்டரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

பத்தரைக்குக் கரண்ட் போனது. ஏசி நின்றது. யுபிஎஸ் வீலென்று கத்த ஆரம்பித்தது.

அந்த யுபிஎஸ்தான் மொத்த அலுவலகத்துக்கும். எல்லாம் ஓடினால் நாற்பது நிமிடம் தாங்கும். எனக்கு இன்னும் ஒரு மணி நேரமாவது வேண்டும். பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும், அன்றைய நாலு மணியும் போய்விடும். கூடத்துக்கு வந்து நின்றேன். முப்பது பேரும் வேலையில் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பக்கம், அவரவர் கெடு. அவர்களை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு வருடத்தில் அவர்களில் பாதிப் பேரோடு நான் பேசியதுகூட இல்லை.

தாயி என்னைப் பார்த்தார். "எத்தன நேரம் வேணும்?"

"ஒரு மணி நேரம். கூடவும் ஆகலாம்."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தன் கம்ப்யூட்டரில் வேலையைச் சேமித்து, அதை அணைத்தார். எழுந்து முதல் வரிசைக்குப் போனார். "சேவ் பண்ணு, ஆஃப் பண்ணு. நீயும். மானிட்டர் மட்டும் அணைச்சா போதாது, மொத்தமா. சாப்பாட்ட இப்பவே முடிச்சுக்குங்க, அப்புறமா பசிக்குதுன்னு வராதீங்க." ஒருவர் முணுமுணுத்தார். "நாலு மணிக்கு நீ சைக்கிள்ள இங்கிலாந்து போய்க் குடுப்பியா?" என்று தாயி கேட்டதும் அவரும் அணைத்துவிட்டார். திரைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. கடைசியில் முதலாளியின் அறைக்குள்ளும் போனார். அங்கே என்ன சொன்னாரோ, முதலாளி ஒரு செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்தார்.

கம்பைல் பதினொன்றே முக்காலுக்கு முடிந்தது. அதைக் கேட்வேயில் வைத்து, மணிகள் குலுங்கக் கதவைத் திறந்து, "ரீபூட் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினேன். தாயி செருப்பை வெளியே விட்டுவிட்டு, டார்ச்சோடு உள்ளே வந்து நின்றார். அவருக்குப் பின்னால் நாலைந்து தலைகள்.

திரையில், இயந்திரத்தை எழுப்புகிற தொடக்க நிரலின் பெயரிலிருந்து எல், ஐ என்று இரண்டே எழுத்து வந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பார்த்த கணமே தெரிந்துவிட்டது. புதுக் கெர்னலை வைத்தபிறகு, அது எங்கே இருக்கிறது என்று தொடக்க நிரலுக்குச் சொல்ல ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. பதற்றத்தில் அதை விட்டிருக்கிறேன். இதைப் பற்றி மற்றவர்களுக்கு இணையத்தில் எத்தனையோ முறை நானே எச்சரித்து எழுதியிருக்கிறேன்.

"ஆயிடுச்சா?" என்றார் தாயி.

"இல்ல. நான் ஒண்ணு மறந்துட்டேன்."

கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி டார்ச்சை வேறு பக்கம் திருப்பினார். "மறந்தா என்ன, இப்ப செய்ய முடியுமா முடியாதா? அத மட்டும் சொல்லு."

"ஃபிளாப்பி இருந்தா முடியும்."

அவசரத்துக்கென்று இரண்டு ஃபிளாப்பி எழுதி வைத்திருந்தேன். முதலாவதை இயந்திரம் படிக்கவில்லை. போன மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. இரண்டாவதைப் போட்டேன். உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. தாயி உதட்டை அசைத்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அறையில் அப்படிச் சொல்வது ஒன்றும் பொருத்தமில்லாத காரியம் அல்ல. வரிகள் ஓட ஆரம்பித்தன. விட்டுப்போன அந்த ஒரு வார்த்தையைத் தட்டினேன். மறுபடி ரீபூட். இந்த முறை புதுக் கெர்னல் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு எழுந்து வந்தது.

மோடம் வைத்த கம்ப்யூட்டரை இயக்கி, கடிதத்தில் சொல்லியிருந்தபடி வெளியிலிருந்து ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு எண்ணைச் சொல்லிக் கதவைத் திறக்கக் கேட்டேன். திறக்கவில்லை. நாலைந்து முறை கேட்டேன். திறக்கவே இல்லை.

கரண்ட் இரண்டு மணிக்கு வந்தது. தாயி நாலு மணிக்கு அனுப்பினார். அதற்குச் சற்று முன் முதலாளி என்னைக் கூப்பிட்டு, இங்கிலாந்திலிருந்து வந்த பதிலைக் காட்டினார். இரண்டே வரி. சொன்னதற்கு நன்றி, பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம், எங்களிடமும் அதே சிஸ்டம்தான், எங்கள் ஆட்களும் காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். முதலாளி அதைத் தாளில் அச்சடித்துத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். என்னிடம் வேறெதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் எல்லோருக்கும் வடா பாவ் வாங்கிவரச் சொன்னார்.

மறுநாள் மதியம் என் டப்பாவை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். தாயி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அம்மா வைத்த கத்தரிக்காய்க் காரக்குழம்பை எடுத்து ருசித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். ஒன்றேகாலுக்கு எல்லோரும் எழுந்து அவர் திரைக்கு முன்னால் போனோம். ஃபைல் பரிமாற்றம் இனி இங்கிலாந்தோடு மட்டும் என்று இறுக்கியபோது, விதிகளில் நான் காலையிலேயே ஒரு வரி சேர்த்திருந்தேன், அந்தப் பல்கலைக்கழகத்து விலாசத்துக்கு மட்டும், அவர் கம்ப்யூட்டரிலிருந்து மட்டும். முதலாளியிடம் கேட்டுத்தான் சேர்த்தேன். படம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது. முதலில் தொப்பி, பிறகு நெற்றி, பிறகு கன்னம். "மூக்கு யாரு மாதிரி?" என்று தாயி கேட்டார். நான் முதல்முறை பார்க்கிறவள். எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். "உங்க மாதிரிதான்" என்றேன். தெரிந்து சொன்னதா என்று கேட்டால், இல்லை.

அதற்குப் பிறகு தாயிக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. காலையில் வந்து பையை வைத்ததும் பூஜை அறைக் கதவைத் தட்டி, "ஆஜ் காஹீ போக்?" என்று கேட்பார். இன்று எதாவது ஓட்டை? பெரும்பாலும் இல்லை என்பேன். 'சரி' என்று போய்விடுவார். கேலிக்குத்தான் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் நான் தாமதமாக வந்தபோது, அவர் பாதுகாப்பு மடலைத் தன் கம்ப்யூட்டரிலேயே திறந்துவைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். "நம்ம கெர்னல் நம்பர் இதுல இல்ல. பாத்துட்டேன்" என்றார்.

நான் அங்கே இருந்த ஆறு வருடத்தில் அதுபோல இன்னும் மூன்று முறை வந்தது. இரண்டாவது முறையும் வியாழக்கிழமைதான், கரண்ட் இல்லை, ஆனால் எனக்குக் காது சூடாகவில்லை. கூடத்தின் நடுவில் போய் நின்று, கட்கியில் பிறந்தும் எனக்குச் சரியாக வராத மராத்தியில், "போக் பட்லா!" என்று உரக்க அறிவித்தேன். ஓட்டை விழுந்துவிட்டது. முப்பது பேரும் யாரும் சொல்லாமலே சேமிக்கத் தொடங்கினார்கள்.

"பட்லா நாஹீ, பட்லம்" என்றார் தாயி, தன் கம்ப்யூட்டரை அணைத்துக்கொண்டே. "ஓட்டை என்ன ஆம்பளையா? மராத்தில பேசறதுன்னா ஒழுங்காப் பேசு."

"பட்லம்" என்று திருத்திச் சொன்னேன்.

"ஹாங். இப்ப சொல்லு, எத்தன நேரம் வேணும்?"